அளவுத் தொட்டிலில் ஒரு கத்தாளை

1

இந்தக் கதை மக்ரீத் க்ளோப்பர்ஸிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்றால், அவர் சொன்னார், நான் கேட்டேன், எழுதப் போகிறேன் என்று சொல்லாமல் கேட்டேன்.

ரோய்மோன்ட் தூண்டில் சங்கம் என்னிடம் கேட்டது வேறு. கரையில் நின்று பிடிக்கிற மீனை உயிரோடு கடலுக்குத் திருப்பி விடுவது எப்படி என்று பத்து வரியில் ஓர் அறிவிப்பு வேண்டும், சங்கத்தின் சுவரில் ஒட்ட. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எழுதவும் வரும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. போட்டிகளில் மீனை அளக்கிற அம்மாள்தான் மக்ரீத். விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனேன். கையை நனைக்காமல் மீனைத் தொடாதே. மணலில் இழுக்காதே. செவுளுக்குள் விரல் விடாதே. கொக்கியை விழுங்கியிருந்தால் பிடுங்காதே, தூண்டில் நரம்பை வெட்டி விடு. இப்படி ஏழு சொன்னார். எட்டாவதுக்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"இதை எழுதிக்காதீங்க சார்," என்றார்.

பேனாவை மூடினேன். பிறகு அவர் சொன்னதுதான் நீங்கள் படிக்கப்போவது. அறிவிப்பை நான் இன்னும் எழுதவில்லை.

மக்ரீத்துக்குத் தமிழ் தெரியாது. இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு இது வசதி. நீங்கள் என்னைச் சந்தேகப்பட இதுவே போதுமான காரணம். நான் இதைத் தமிழில் எழுதுவது தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"அப்ப நீங்க எதை வேணா எழுதிக்கலாம். யாரு வந்து சரிபாக்கப் போறா?"

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. ரோய்மோன்ட் பாறைகளின் மேல் அலைகள்—"

அடித்துவிட்டேன். மக்ரீத் அலையைப் பார்க்கிற ஆள் இல்லை. அவர் பார்ப்பது மனிதர்களின் கைகளை.

"ஜெரோம் ஹார்ட்னிக் ஏமாற்றுகிறான் என்பதில் மக்ரீத்துக்கு எள்ளளவும்—"

இதையும் அடித்தேன். முதல் வரியிலேயே ஒருவன்மேல் பழியைப் போட்டால் நீங்கள் கடைசிவரை அவனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மக்ரீத் செய்ததும் அதுதான்.

மூன்றாவது: "1998 நவம்பரில், அறுவடை மும்முரத்தில், ஒரு கோதுமை லாரியின் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகளை மக்ரீத் இறக்கினார்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

விவசாயிகளின் கூட்டுறவுக் கிடங்கில் மக்ரீத் இருபத்திரண்டு வருடம் எடைமேடை எழுத்தர். கோதுமை லாரி நிறையோடு மேடை ஏறும்போது ஒரு எடை. கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு எடை. முதல் எடையின்போது தார்ப்பாய்க்கு அடியில் லாரிக்காரரின் இரண்டு தடித்த மச்சினன்மார் படுத்திருந்து, கொட்டுமிடத்தில் குதித்து ஓடிவிட்டால் அவர்களும் கோதுமையாகிவிடுவார்கள். மக்ரீத் தார்ப்பாயைத் தூக்கியபோது ஒருவர், "வணக்கம் மக்ரீத், நல்ல வெயில் இன்னிக்கி," என்றாராம்.

அன்றிலிருந்து அவர் எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட்டதில்லை. கணவர் ஃபான் வாங்கிவரும் இறைச்சியைக்கூட வீட்டுத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார்.

ஓய்வு பெற்றதும் சங்கம் அவரை அழைத்துக்கொண்டது. போட்டி முறை மாறியிருந்த நேரம் அது. முன்பெல்லாம் பிடித்த மீனைக் கொன்று, சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, மாலையில் வரிசையாகத் தொங்கவிட்டு எடை போடுவார்கள். இப்போது பிடித்த இடத்திலேயே நீளம் அளந்து, படம் எடுத்து, உடனே கடலில் விட வேண்டும். நீளத்துக்குத்தான் புள்ளி. அளப்பதற்குத் துணியில் தைத்து நனைத்துவைத்த தொட்டில் ஒன்று. நடுவில் எண்கள் அச்சிட்டிருக்கும். மீனை அதில் கிடத்தி மூக்கு ஒரு முனையில் முட்ட, வால் எங்கே முடிகிறதோ அதுதான் கணக்கு.

மக்ரீத் இதில் மும்முரமாக இறங்கினார். மீனுக்காகத்தான். (இந்த வாக்கியத்தை அவரிடம் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டியபோது, "மீனுக்காக*வும்*னு போடுங்க சார்," என்றார். திருத்தச் சொன்னது நல்ல அறிகுறி. ஆனால் எதை மறைக்க இதைத் திருத்தினார் என்றும் தோன்றியது.) கழுத்தில் ஒரு குறடு தொங்கும். போட்டி தொடங்குமுன் ஒவ்வொருவர் கொக்கியையும் வாங்கி, சதையில் மாட்டிக்கொள்ளும் எதிர்முள்ளை நசுக்கிக் கொடுப்பார். "கழட்டும்போது வாய் கிழியக் கூடாது. கிழிஞ்சா உன் வாயில போட்டுக் கழட்டுவேன்." யாரும் சிரிக்க மாட்டார்கள். காய்ந்த கையோடு மீனைத் தூக்கினால் ஐந்து புள்ளி வெட்டு. தாடையில் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் மீனே கணக்கில் இல்லை. மீனின் மேலிருக்கிற வழும்புதான் அதன் தோல், அது போனால் புண் பிடித்து ஒரு வாரத்தில் செத்துவிடும் என்று தண்ணீரில் கைவிட்டுக் காட்டிக் காட்டிச் சொல்வார்.

இதையெல்லாம் நம்புங்கள். கதையில் பின்னால் வரப்போவதால் சொல்லவில்லை. மக்ரீத் அப்படிப்பட்டவர் என்பதால் சொல்கிறேன்.

4

ஜெரோம் ஹார்ட்னிக் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன், வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் குடியிருக்கிற பக்கம். குழாய் வேலை செய்பவன், முப்பத்தைந்து வயது. நவம்பரில் சங்கத்தில் சேர்ந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சங்கத்தில் சேர்ந்த மூன்றாவது ஆள்; முந்தைய இரண்டு பேரும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்கவில்லை.

டிசம்பர் போட்டியில் அவன் முதலாவது வந்தான். மீனைக் கரைக்கு இழுக்க மாட்டான். மீன் களைத்து அருகே வந்ததும் இவனே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை எதிர்கொள்வான். கொக்கியைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடுவான். தொட்டிலைக் கடலில் முக்கி, மீனையும் கடல்நீரையும் சேர்த்து அள்ளி மக்ரீத்திடம் கொண்டுவருவான். ஏதோ பேசிக்கொண்டே வருவான், மீனிடம்.

"யார்கிட்ட பேசற?"

"இவங்ககிட்டதான் டன்னி. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்கன்னு சொல்றேன்."

டன்னி என்பது இங்கே வயதில் மூத்த எல்லாப் பெண்களுக்கும். (ஆண்களுக்கு உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் 'ஊம்' என்று வரும், யாரோ முனகுகிற மாதிரி இருக்கும். விட்டுவிடுகிறேன்.)

மக்ரீத்துக்கு அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அதுதான் உறுத்தியது. எடைமேடையில் எல்லாத் தாளும் ஒழுங்காக இருக்கிற லாரியைத்தான் அவர் முதலில் நிறுத்துவார்.

ஜனவரியில் அவன் இரண்டு பெரிய கத்தாளை பிடித்தான். இங்கே அதற்கு வேறு பெயர். நம் கடற்கரையில் கத்தாளை என்கிற மீனின் குடும்பம்தான், ஆனால் ஆள் உயரத்துக்கும் வளரும். அன்று மாலை சங்கத் தலைவர் தியூனிஸ் ஃபெர்மாக் காப்பிக் கோப்பையோடு மக்ரீத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டயர் கடைக்காரர். ஒரு மீட்டர் பத்தொன்பது சென்டி நீளக் கத்தாளை பிடித்து, பதினோரு வருடமாகச் சங்கச் சுவரில் தன் பெயர் எழுதப்பட்டிருப்பவர்.

"ரெண்டு பெரிய மீன். ஒரே நாள்ல," என்றார்.

"பாத்தேன்."

"அதே மீனா இருக்குமோ?"

"விட்ட மீனை மறுபடி கூப்பிட்டுப் பிடிச்சானா? போ தியூனிஸ்."

"நான் ஒண்ணும் சொல்லல. நீதான் அளக்கற. வாலை மட்டும் பாரு. ரெண்டு விரலால மெதுவா இழுத்துப் பிடிச்சா மூணு சென்டி கூட வரும். தண்ணிக்குள்ள விரல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" ரஸ்கைக் காப்பியில் முக்கிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "எடைமேடையில இருந்தவ நீ. உனக்கு நான் சொல்லணுமா?"

5

இந்த இடத்தில் தியூனிஸை வில்லனாக்க முயன்றேன். ஒரு சிரிப்பு வைத்தேன், உதட்டோரத்தில். எடுத்துவிட்டேன். அவர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை; தான் சொன்னதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். என் வண்டி டயர் நான்கும் அவர் கடையில் வாங்கியவை என்பதால் இப்படி எழுதுகிறேனோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். எனக்கும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. அதை மக்ரீத்திடம் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டேன்.

"அவன் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளா இல்லாம, நம்ம தெருப் பையனா இருந்திருந்தா?"

அவர் மேசைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நிறத்தைப் பாத்து சந்தேகப்பட்டேன்னு எழுதுவீங்களா?"

"அப்படியா இருந்துச்சு?"

நூல் அறுந்து கையோடு வந்தது. பிறகு, "அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கல. அப்படி எழுதுங்க," என்றார்.

எழுதிவிட்டேன்.

6

பிப்ரவரி போட்டி, சனிக்கிழமை, காலை பத்து மணி. தென்கிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலும் இருந்தது.

பாறைகளின் மேல் நொம்புலெலோ உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் வந்து, கையில் நிறுத்துகடிகாரத்தோடு, ஒவ்வொரு மீனும் தண்ணீருக்கு வெளியே எத்தனை விநாடி இருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். மக்ரீத்துக்கு அவளைப் பிடிக்கும். தூண்டில்காரர்களை வேவு பார்க்க இன்னொரு ஜோடிக் கண்.

ஜெரோமின் தூண்டில் கோல் வளைந்தது. இருபது நிமிடம் ஆனது. அவன் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, மீனோடு ஓர் அலையில் விழுந்து, எழுந்து, தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். செம்புநிறப் பளபளப்போடு ஒரு கத்தாளை, தொட்டில் நிறைய.

மக்ரீத் மூக்கை முனையில் முட்டவைத்து வாலைப் பார்த்தார். ஒரு மீட்டர் பதினெட்டு.

இன்னும் ஒரு சென்டி இருந்தால் தியூனிஸின் அளவு. வால். இரண்டு விரல். மக்ரீத் ஜெரோமின் கையை விலக்கச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தார். பதினேழரை. முதலில் எப்படிப் பதினெட்டு வந்தது? மறுபடி. பதினெட்டு. படம் எடுக்க எண் அட்டையை வைத்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. போய் எடுத்துவந்தார்.

"டன்னி, வாயைத் தொறந்து தொறந்து மூடுது பாருங்க."

"எல்லா மீனும் தொறக்கும். கையை எடு."

ஜெரோம் வாளித் தண்ணீரை மீனின் தலையில் ஊற்றினான். வாளி காலியானது.

"சாட்சிக்குத் தியூனிஸ் வரணும்," என்றார் மக்ரீத். தியூனிஸ் இருநூறு அடிக்கு அப்பால் பாறைமேல் நின்றுகொண்டிருந்தார். மக்ரீத் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் கோலை நிறுத்தி வைத்துவிட்டு, பாசியில் வழுக்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வரத் தொடங்கினார்.

"டன்னி, கம்மியா போட்டுக்கோங்க. ஒரு மீட்டர்னு போடுங்க. ஒண்ணுமே போடாட்டியும் சரி. விட்டுடலாம்."

மக்ரீத் நிமிர்ந்து பார்த்தார். எடைமேடையில் இதே வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! 'குறைச்சே போட்டுக்கோங்கம்மா, நேரமாகுது.' அப்படிச் சொன்ன ஒவ்வொரு லாரியிலும் ஏதாவது ஒளிந்திருந்தது.

"ஏன்? எதுக்குக் கம்மி? சரியா இருந்தா உனக்கென்ன பயம்?"

ஜெரோம் குனிந்து, தொட்டிலோடு மீனை வாரி எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினான்.

"நில்லு! அளவு முடியல! எடுத்தா போட்டியில இல்ல நீ!"

அவன் நிற்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், அலை வரும் பக்கம் மீனின் தலையைத் திருப்பி, ஒரு கையால் வாலடியையும் ஒரு கையால் வயிற்றையும் தாங்கிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். நாடகம் போடுகிறான் என்று மக்ரீத் நினைத்தார். பிறகு ஒரு நேரத்தில் அவன் கைகளில் ஒன்றும் இல்லை.

அன்று மாலை மக்ரீத் அறிக்கை எழுதினார். அளவு முடியுமுன் மீனை அகற்றியது, பதினான்காம் விதி. ஜெரோம் ஹார்ட்னிக் போட்டியிலிருந்து நீக்கம். கீழே கையெழுத்து, அழகாக.

7

திங்கட்கிழமை காலை ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கத்தாளை ஒதுங்கிக் கிடந்தது. ஒரு கண்ணைக் கடற்காகம் எடுத்திருந்தது. ரொட்டி வாங்கப் போன மக்ரீத், பையிலிருந்த அளவுநாடாவை எடுத்து மணலில் முட்டி போட்டார்.

ஒரு மீட்டர் பதினெட்டு.

அவருக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, ஆதாரம் கிடைத்த சுறுசுறுப்பு. (இதை அவரே சொன்னார். நான் சேர்க்கவில்லை.) ஜெரோமின் கையை அந்த உடம்பில் தேடினார். வாயோரத்தில் கொக்கித் துளை, சட்டைப் பொத்தான் துளை அளவுக்கு, கிழியாமல். செவுளைத் திறந்தார். மணல் இல்லை. விரல் பதிந்த தடம் இல்லை. வயிற்றில் அழுத்தின கன்றல் இல்லை.

புரட்டிப் போட்டார்.

அந்தப் பக்கம் தோளிலிருந்து வால்வரை செதில் மங்கி, வழும்பு முழுக்கப் போயிருந்தது. அந்த இடத்தில் மெல்லிய கட்டம் கட்டமாக ஓர் அச்சு, ஈரச் சுவரில் சாக்கை ஒட்டி எடுத்த மாதிரி. அந்த நெசவை மக்ரீத் நன்றாக அறிவார். மூன்று வருடமாக அவரே அதைத் துவைத்துக் காயப்போடுகிறார். தொட்டில் துணி. வெயிலிலும் காற்றிலும் காய்ந்த தொட்டில் துணி.

உடனே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுத ஆசை. இல்லை. ஜெரோம் வேண்டுமென்றே தொட்டிலைக் காயவிட்டிருப்பானோ என்று யோசித்தார். தியூனிஸ் ஏதாவது தடவியிருப்பாரோ என்று யோசித்தார். வாளியைச் சின்னதாக வாங்கிய சங்கப் பொருளாளரையும் விடவில்லை. ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான், மணலில் ஊன்றியிருந்த தன் கைகளைப் பார்த்தார்.

ஃபானைக் கூப்பிட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உறைபெட்டியிலிருந்த ஆட்டுக்கறி முழுவதையும் வெளியே எடுத்துப்போட்டு, மீனைக் குறுக்காக வளைத்து வைத்தார். நொம்புலெலோவுக்குப் போன் செய்தார்.

அவள் மறுநாள் வந்து மீனைப் பார்த்தாள். பிறகு சமையலறை மேசையில் தன் தாள்களை விரித்தாள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வரி. விநாடிக் கணக்கு இரண்டு பத்தியில்.

"முதல் பத்தி பிடிச்சவங்க கையில இருந்த நேரம், மா."

"ரெண்டாவது?"

"அளக்கறவங்க கையில."

மக்ரீத் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் இரண்டாம் பத்தியில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. ஜெரோமின் மீன்களுக்கு மட்டும் டிசம்பரில் முப்பத்துநாலு. ஜனவரியில் எழுபத்தொன்று, நூற்றிரண்டு. பிப்ரவரியில் இருநூற்றுத் தொண்ணூறு.

"ஒரே ஆளுக்கு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எனக்கே புரியல," என்றாள் நொம்புலெலோ.

"ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

"சொன்னா அடுத்த தடவை என்னை அங்க உக்கார விடுவீங்களான்னு சந்தேகமா இருந்துச்சு, மா."

மக்ரீத் தாளைத் திருப்பி வைத்தார். "இது அந்த மீன்தானா?"

"நீளம் ஒத்துப்போகுது. துணி அச்சும் இருக்கு. ஆனா அடையாளம் எதுவும் போட்டு விடல. சத்தியம் பண்ண மாட்டேன்."

*

(நான் நினைத்தால் அந்த மீனின் முதுகில் ஓர் அடையாள வில்லையைக் குத்தியிருக்கலாம். எண்ணோடு. ஒரு வரி போதும்; உங்களுக்கும் மக்ரீத்துக்கும் சந்தேகம் தீர்ந்துவிடும். செய்யவில்லை. நடந்த கதையில் அந்த வில்லை இல்லை.)

8

வியாழக்கிழமை மக்ரீத் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜெரோம் வீட்டுக்குப் போனார். அவன் முற்றத்தில் ஒரு பழைய வெந்நீர்க் கொப்பரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினான்.

"முகத்துவாரத்துல ஒரு மீன் கெடந்துச்சு," என்றார் மக்ரீத், உட்காராமல்.

"தெரியும் டன்னி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். வெளுக்கும்போதே போனேன்."

"பாத்துட்டு சும்மாவா வந்த? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஜெரோம் குறட்டைக் கீழே வைத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

"யார்கிட்ட டன்னி? செத்த மீன் பக்கத்துல நான் நின்னா, என்ன ஆச்சுன்னு கேப்பீங்களா, இல்ல உடனே எழுதிக்குவீங்களா?"

அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று—

கேட்டாரா என்று நான் இரண்டு தடவை விசாரித்தேன். இரண்டு தடவையும் அவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார். எனக்குச் சொன்னது இவ்வளவுதான். முற்றத்தில் நின்றபடி, "மூணு தடவை அளந்தேன்," என்றாராம்.

"நாலு," என்றானாம் ஜெரோம்.

9

அடுத்த சங்கக் கூட்டத்தில் மக்ரீத் எழுந்து நின்று அறிக்கையைத் திரும்பப் பெற்றார். நொம்புலெலோவின் தாளை எல்லோருக்கும் படித்துக் காட்டினார், இரண்டாம் பத்தி யாருடையது என்று சொல்லி. பிறகு ஒரு புது விதியை முன்வைத்தார். மீனை ஒரே தடவைதான் அளப்பது. அளக்கிறவர் கைக்கு வந்து முப்பது விநாடி ஆனதும், அளந்து முடிந்தாலும் முடியாவிட்டாலும், மீன் கடலுக்குப் போக வேண்டும். கடிகாரம் வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

"அப்ப யார் வேணா எவ்வளவு வேணா ஏமாத்தலாமே?" என்றார் தியூனிஸ்.

"ஏமாத்தட்டும். மீன் உசுரோட இருக்கட்டும்."

"இருபத்திரண்டு வருஷம் எடைமேடையில இருந்தவ பேசற பேச்சா இது?"

"கோதுமைக்கு மூச்சு முட்டாது தியூனிஸ்."

விதி நிறைவேறியது. கடைசியில் தியூனிஸும் கை தூக்கினார். ஏன் என்று எனக்குத் தெரியாது.

10

மார்ச் இறுதியில் பருவத்தின் கடைசிப் போட்டி. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு எழுதினேன்: ஜெரோம் வரவே இல்லை. மக்ரீத் நாள் முழுவதும் காலித் தொட்டிலை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்திருந்தார். நன்றாகத்தான் வந்தது. ரொம்ப நன்றாக வந்ததால் சந்தேகமாகிவிட்டது, தூக்கிப் போட்டேன்.

இன்னொன்று: ஜெரோம் பெரிய மீன் பிடிக்கிறான், மக்ரீத் பதினைந்தே விநாடியில் அளக்கிறார், எல்லோரும் கை தட்டு— போதும். ரோய்மோன்டில் யாரும் எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

நடந்தது இது. ஜெரோம் வந்தான். "குட் மார்னிங் டன்னி," என்று கொக்கிகளை நீட்டினான். எதிர்முள் எல்லாம் ஏற்கெனவே நசுக்கியிருந்தது; மக்ரீத் வாங்கிப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பதினோரு மணிக்கு அவன் கோல் வளைந்தது. மக்ரீத் தொட்டிலைக் கடலில் முக்கி எடுத்து, இரண்டு வாளி நிரப்பி, நொம்புலெலோவைக் கடிகாரத்தோடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

அவன் தண்ணீரில் இறங்கினான். குனிந்தான். கொக்கியைக் கழற்றினான். கோலை மீனின் பக்கத்தில் நீளவாக்கில் பிடித்து எதையோ பார்த்தான். கோலின் அடியில் பத்துப் பத்து சென்டிக்கு அவன் வண்ணம் பூசி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். பிறகு இரண்டு கைகளையும் விரித்தான். செம்பு நிறத்தில் ஒரு முதுகு அலைக்குள் திரும்பியது. ஒரு விநாடிகூட அது காற்றைப் பார்க்கவில்லை.

வெறும் கையோடு நடந்துவந்து மக்ரீத்தின் முன்னால் நின்றான். நனைத்த தொட்டில் இரண்டு கழிகளுக்கு நடுவில் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க மீன்?" என்றார் மக்ரீத்.

"போயிடுச்சு டன்னி."

"எவ்வளவு?"

"ஒரு மீட்டர் இருபத்தொண்ணு."

தியூனிஸ் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். "கோல்ல பாத்துச் சொல்றதெல்லாம் அளவா? தொட்டிலுக்கே வராத மீனுக்கு நம்பர் கிடையாது மக்ரீத்."

புது விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அளக்காமல் போன மீனுக்கு என்ன எழுதுவது என்று கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, மக்ரீத்துக்கும்தான். பிடித்தவர் வாய்ச்சொல்லை ஏற்பதா, பூஜ்யம் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அளவுக்காரிதான்.

மக்ரீத் ஜெரோமின் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் மீனைக் கொண்டுவரவில்லையா? பழி தீர்க்கிறானா? சோதித்துப் பார்க்கிறானா? இல்லை, உண்மையிலேயே ஒரு மீட்டர் இருபத்தொன்றா? அவன் முகத்திலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கைகளைப் பார்த்தார். ஈரமான, காலியான கைகள்.

பேனாவைத் திறந்தார். தாளில் அவன் பெயருக்கு நேரே எழுதினார்.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

அந்தத் தாள் சங்கத்து அலமாரியில் இருக்கிறது, போய்ப் பார்த்திருக்கலாம். சாவி தியூனிஸிடம். இருந்தாலும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். மக்ரீத் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மூட்டையை மேடையில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

"நீங்க எழுதற பாஷையில படிக்கிற ஆளுங்க நெறைய பேர் இருக்காங்களா சார்?"

"இருக்காங்க."

"அவங்களுக்கு ஜெரோமைத் தெரியாது. என்னையும் தெரியாது. நீங்க சொன்னதை வச்சுத்தான் எல்லாம்." எழுந்து காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டார். "அவங்க கையில பேனா இருந்தா என்ன எழுதுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் நான் எழுதினதைச் சொல்றேன்."